எட்டாம் பாகத்தைப் பாராட்டிய கதை

ஒரு படத்தின் பின்பாதியை முதலிலும் முன்பாதியைப் பிறகும் பார்த்துவிட்டு, “காலத்தைக் கலைத்துப் போட்ட துணிச்சலான திரைக்கதை” என்று அச்சில் பாராட்டியவன் நான். அன்றைய ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டதால் இப்போது வெளியே சொல்லலாம். பத்திரிகை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

1. காலைக் காட்சி

விழுப்புரத்தில் ஒரு வார இதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். சினிமா விமர்சனமும் என் தலையில்தான். ஒரு விண்கலம் பூமியைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கும் ஆங்கிலப் பட வரிசை ஒன்றை மூன்றாம் பாகத்திலிருந்து நான்தான் எடைபோட்டு வந்தேன். ஐந்தாம் பாகத்திலேயே சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. “முந்தைய பாகத்தின் வேகம் இதில் இல்லை” என்று எழுதுவேன். முந்தைய பாகத்துக்கும் அதையேதான் எழுதியிருப்பேன். விண்கலத்தின் கேப்டன் ஒவ்வொரு பாகத்திலும் செத்து, அடுத்ததில் தெம்பாக எழுந்து வருவார். எனக்குத்தான் எழுந்து போகவே அலுப்பாக இருந்தது.

எட்டாம் பாகம் தமிழ் பேசிக்கொண்டு வந்த வாரம், விழுப்புரத்துத் திரைகளையெல்லாம் ஒரு பெரிய நடிகரின் படம் பிடித்துக்கொண்டிருந்தது. திண்டிவனத்தில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சி மட்டும் போட்டிருந்தார்கள். பஸ் பிடித்துப் போனேன். உள்ளே வகுப்புக்குப் போகாத கல்லூரிப் பையன்கள் சிலர், ஏ.சி.க்காக வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டிவிட்ட ஒரு பெரியவர், அப்புறம் நான்.

படம் தலைப்பே இல்லாமல் ஆரம்பித்தது. விண்கலம் பாதி எரிந்து கிடக்கிறது. கேப்டன் யாரையோ மன்னிக்கிறார், யாருக்காகவோ சாகிறார். இறுதிச் சடங்கு முடிந்ததும் விளக்கு எரிந்தது. வெளியே போய், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைத் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தால் தலைப்பு ஓடுகிறது. கேப்டன் உயிரோடு காபி குடிக்கிறார்.

எனக்குப் புல்லரித்தது. இத்தனை வருஷம் கண்ட மொழிபெயர்ப்பு நாவலையெல்லாம் படித்ததற்கு இன்றுதான் ஒரு பிரயோஜனம் என்று தோன்றியது. திரும்பி வரும் பஸ்ஸிலேயே எழுதினேன்: “மரணத்தில் தொடங்கி வாழ்வை நோக்கி நடக்கும் கதை. தலைப்பையே இடைவேளைக்குப் பிறகு வைக்கும் தன்னம்பிக்கை!”

2. ஆசிரியரின் மகள்

இதழ் வந்த மறுநாள் ஆசிரியர் கூப்பிட்டார்.

“யோவ், என் பொண்ணு சென்னையில அந்தப் படத்தப் பார்த்துட்டா. கேப்டன் கடைசியிலதான் சாகறானாம். நீ ஆரம்பத்துலயே சாகடிச்சிருக்க. இன்னா படம்யா பார்த்த நீ?”

“அது வந்து சார், நான்-லீனியர்னு ஒரு உத்தி…”

“உத்தியுமில்ல, ஒண்ணுமில்ல. ஒண்ணு, தியேட்டர்காரன் மாத்திப் போட்டிருக்கணும். இல்ல, நீ படத்தப் பார்க்காம எழுதியிருக்கணும். எதுன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லு. அவன் தப்புன்னா தியேட்டர் பேரோட போடறேன். உன் தப்புன்னா சினிமா பக்கம் இனிமே உனக்கில்ல.”

தியேட்டர் ஆபரேட்டர் லூர்துசாமியைப் பல வருஷமாகத் தெரியும். இரண்டு திரைக்கும் அவர் ஒருவர்தான். போன் போட்டேன்.

“ஆமா சார்,” என்று குரலைத் தாழ்த்தினார். “படம் ரெண்டு ஃபைலா வரும். ரெண்டாவத மொதல்ல ஏத்திட்டேன். அந்தாண்ட ஸ்கிரீன்ல சவுண்டு வரலன்னு கத்திக்கினு இருந்தாங்க, ஜல்தியா அங்க ஓடிட்டேன். திரும்பி வந்தா ஒருத்தரும் சத்தம் போடல. அப்படியே வுட்டுட்டேன். பேப்பர்ல போட்டுடாதீங்க சார். இன்னொரு வாட்டி தப்பு நடந்தா வூட்டுக்குப் போயிடுன்னு மானேஜரு போன மாசம்தான் சொன்னாரு. பொண்ண இப்பதான் நர்சிங்ல சேத்துக்கீறேன்.”

3. வாக்குமூலம்

சாயங்காலம் ஆசிரியர் மேசை முன்னால் போய் நின்றேன்.

“தூங்கிட்டேன் சார். முழிச்சிருந்த வரைக்கும் பார்த்து, மீதியைக் குத்துமதிப்பா எழுதிட்டேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அந்தப் படத்துக்குத் தூங்கறது தப்பில்லய்யா. தூங்கி எழுந்து வந்து பாராட்டினியே, அதான் தப்பு.”

இதை முழுத் தியாகம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஒன்பதாம் பாகம் வரப்போவதாக ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள்.

சினிமா பக்கம் வேறொருவருக்குப் போனது. எனக்கு நினைவஞ்சலிப் பக்கம் கொடுத்தார்கள். நிம்மதியான வேலை. அங்கே இருப்பவர்கள் யாரும் அடுத்த பாகத்தில் திரும்பி வருவதில்லை.

4. ஆபரேட்டர் அறை

கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஒரு படம் புரியாமல் போய், புரியாததாலேயே அது உயர்ந்தது என்று தோன்றினால், எழுதுவதற்கு முன்னால் மாடி ஏறி ஆபரேட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நான் தாமதமாகத்தான் ஏறினேன். சில வாரங்கள் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் திண்டிவனம் போனபோது, லூர்துசாமியின் அறைக்குப் போய், அவர் வேலையைக் காப்பாற்ற நான் என்ன சொன்னேன், எந்தப் பக்கத்துக்குப் போனேன் என்பதையெல்லாம் விவரித்தேன். ஒரு டீயாவது வாங்கித் தருவார் என்ற எதிர்பார்ப்பு இருந்தது.

அவர் பதறிப்போனார்.

“அய்யய்யோ, என்னாத்துக்கு சார் இந்தப் பேஜாரு? நீங்க போன் பண்ண மறுநாளே மனசு கேக்காம நானே மானேஜர்கிட்ட சொல்லிட்டேன். நல்லா திட்டினாரு. அப்பால, ஒருத்தராவது வந்து கேட்டாங்களாடான்னாரு. இல்லன்னேன். பத்திரிகைக்காரரு ஒருத்தரு உள்ள இருந்தாரே, அவருகூடவா கேக்கலன்னாரு. அவரு பாவம், தூங்கிட்டாரு போலன்னு நான்தான் சொன்னேன்.”