ஜெனரேட்டர் ஓடிய நாளில் வந்த சோதனை

அன்று கடையில் இருந்தது சரியாக நாலு பேர். மாவுக்கடை வைத்திருக்கும் நான், எங்கள் ஏரியா லைன்மேன், மோட்டாருக்குக் காயில் கட்டித் தரும் பாய், பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் டேட்டா சென்டரிலிருந்து கையில் மீட்டரோடு வந்த ஆபீசர்.

ஊர் உலகத்தின் போட்டோக்களையெல்லாம் ஏசி போட்டுக் காப்பாற்றுகிற கட்டிடம் அது. அது வந்த பிறகு மாடம்பாக்கத்தில் எங்கள் தெரு டியூப்லைட்டுகள் சாயங்காலமானால் எரியலாமா வேண்டாமா என்று யோசிக்கின்றன. கரண்ட் இறங்கினால் கிரைண்டர் முக்கி முனகிச் சுற்றும், உளுந்து சூடாகும், மாவு சீக்கிரம் புளித்துப்போகும். எனக்கு எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம். பல்பைப் பார்த்தபடியேதான் அரைப்பேன். அப்படிக் காவல் காத்தும் ஒரே வருஷத்தில் மோட்டார் இரண்டு தடவை புகைந்துவிட்டது. லோ வோல்டேஜ்தான் காரணம் என்று சோதனையில் தெரிந்தால் காயில் கட்டிய செலவைத் தருவதாக டேட்டா சென்டர் கம்பெனி சொல்லியிருந்தது. "சாயங்காலம் ஏழு மணிக்கு வாங்க சார்" என்று போனில் மூன்று தடவை கெஞ்சினேன். ஆபீசர் வந்தது காலை பதினொரு மணிக்கு.

அந்த நேரம் பார்த்து டேட்டா சென்டரின் ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருந்தன. மாசத்துக்கு ஒருநாள் ஓட்டிப் பார்ப்பார்களாம். கத்தினால்தான் காதில் விழும்.

"டூ தர்ட்டி வோல்ட் காட்டுது மேடம்! பர்ஃபெக்ட்!" என்று கத்தினார் ஆபீசர்.

லைன்மேன் சிரித்துவிட்டார். "சார், இன்னிக்கு நீங்க உங்க டீசல்ல ஓட்டிக்கினு கீறீங்க. அதான் அக்காவுக்குக் கரண்டு கெடச்சுது. தெனம் இப்டியே ஓட்டுங்க, கோயில்ல உங்க பேர்ல அர்ச்சனை பண்றேன்."

"ஜெனரேட்டர் வேற டிபார்ட்மென்ட்டுங்க. நான் வோல்டேஜ் மட்டும்தான் பார்ப்பேன்."

"இன்னா சார் சொன்னீங்க? சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றார் பாய். நன்றாகவே கேட்டிருந்தது அவருக்கு.

ஆபீசர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். முழுக்க இங்கிலீஷ். நான் எட்டாவதோடு நின்றவள். இங்கிலீஷ் தாளைப் பார்த்தாலே கடையையே எழுதிக் கொடுக்கிறோமோ என்று பயம். பாயிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

"வோல்டேஜ் சரியா இருக்கு, எனக்குக் குறை ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்கும்மா."

போட்டால் காசு போச்சு. போடாவிட்டால் சோதனைக்கே ஒத்துழைக்கவில்லை என்பார்கள். கையெழுத்துப் போட்டு, அதற்கு மேலே கொட்டை எழுத்தில் தமிழில் எழுதினேன்: "ஜெனரேட்டர் ஓடும்போது பார்த்தது. சாயங்காலம் பார்க்கவில்லை."

"இதெல்லாம் எழுதக் கூடாது மேடம். சிஸ்டம் ஏத்துக்காது."

"உலகத்துல இருக்கிற எல்லாத்தையும் அங்கதான் வெச்சிருக்கீங்களாமே சார். இந்த ரெண்டு வரிக்கு இடம் இல்லையா?"

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். கேஸ் கீஸ் போட்டுவிடுவார்களோ என்று ஒரு வாரம் சரியாகச் சோறு இறங்கவில்லை. கேஸும் வரவில்லை, பணமும் வரவில்லை. போன் செய்தால், ஃபைல் ரிவ்யூவில் இருக்கிறது என்கிறது ஒரு பெண் குரல், தேன் தடவினாற்போல்.

"கம்பெனி குடுக்கும்போது குடும்மா" என்கிறார் பாய். முதல் காயிலுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டாவதுக்கு அவருக்கு நான் தர வேண்டியது மூவாயிரத்து எண்ணூறு ரூபாய்.