மாத்திரைக்கு எதுக்கு நாலு ஓட்டை?

போன வருடம் கல்லூரியில் எனக்குக் கடைசி செமஸ்டர். விஸ்காம் படிப்பு. நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்துக் காட்டினால்தான் டிகிரி என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் குழு த்ரில்லர் எடுப்பது என்று முடிவு செய்தது. படப்பிடிப்பு நடந்தது திருப்பூர் வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில். எங்கள் இயக்குநரான வகுப்புத் தோழி அந்தக் கம்பெனி முதலாளியின் மகள் என்பதால் வாடகை கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். மற்ற நாட்களில் ஷிப்மென்ட் அவசரத்தில் அங்கே நிற்கக்கூட இடம் இருக்காது.

கதை இதுதான். கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் ஒவ்வொருவராகத் தாக்கப்பட்டுச் சாகிறார்கள். யார் செய்வது என்று எல்லோரும் நடுங்குகிறார்கள். கடைசியில் பார்த்தால், யாரோடும் பேசாமல் ஓரமாக உட்கார்ந்து ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டும் ஒரு பெண்தான் அத்தனையும் செய்தவள். ஏன் செய்தாள்? அவளுக்கு மனநிலை சரியில்லை. அவ்வளவுதான் காரணம். டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தூக்கி எறிவாள், தலையை விரித்துப் போட்டுக்கொள்வாள், கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சுபம்.

அந்தப் பெண்ணாக நடிக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு நீள முடி என்பதுதான் தகுதி. இன்னொரு தகுதியும் எனக்கு இருந்தது. அது அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாம் வருடம் படிக்கும்போது எனக்கு மன அழுத்த நோய் வந்தது. காதல் தோல்வி, அரியர் என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணம்கூட இல்லை. சும்மா வந்தது. காலையில் கண் விழித்தால் எழுந்திருக்கத் தோன்றாது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் அம்மாதான் என்னை, மனக்கோளாறு தீரும் என்று நம்பப்படும் திருமுருகன்பூண்டி கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போனார், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் கூட்டிக்கொண்டு போனார். கோயிலுக்கு வேண்டுதல் என்றும் ஆஸ்பத்திரிக்கு வயிற்றுவலி என்றும் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தார். மாத்திரை கேட்டது. மெல்லத் தேறினேன். அம்மா எனக்குப் போட்ட ஒரே கட்டளை இதுதான்: “யார்ட்டயும் சொல்லிராதட்டி. நாளைக்கு ஒனக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணு நடக்கணும்லா.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை அட்டையைக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்து, அதற்கு மேல் கைக்குட்டையை மடித்து வைத்திருப்பேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை. மிஷின்கள் எல்லாம் துணி போர்த்திக்கொண்டு கிடந்தன. ஷூட்டிங் தொடங்குவதற்கு முன் நான் இயக்குநரிடம், “இவ எதுக்கு இத்தனை பேரைத் தாக்குறா? ஒரு காரணம் வேணும்ல?” என்று கேட்டேன். பதில் சொன்னது அவள் இல்லை, சூப்பர்வைசராக நடிக்க வந்த வகுப்புத் தோழன்.

“ஏம்புள்ள, இன்னிக்கு மாத்திரை போட மறந்துட்டியா?”

எல்லோரும் சிரித்தார்கள். யாராவது கொஞ்சம் முகம் சுளித்தாலே இவன் இந்தக் கேள்வியைத்தான் கேட்பான். அது அவனுடைய ஆஸ்தான ஜோக். நானும் சிரித்து வைத்தேன். பிறகு சொன்னபடி தலையை விரித்துப் போட்டு, கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு “ஹா ஹா” என்று கத்தினேன். எனக்கே சகிக்கவில்லை.

அடுத்தது மாத்திரை ஷாட். நான் புட்டியிலிருந்து மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்ட வேண்டும், கேமரா நெருங்கி வரும், நான் அவற்றைச் சுவரில் வீசி எறிய வேண்டும். சாமான்கள் ஏற்பாடு செய்யும் பொறுப்பும் அந்தத் தோழனுடையதுதான். அவன் கொடுத்த புட்டியைக் கவிழ்த்தேன். கலகலவென்று ஒரு சத்தம். கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்த இயக்குநர் நிமிர்ந்தாள்.

“ஏன்டா, மாத்திரைக்கு எதுக்குடா நாலு ஓட்டை?”

குனிந்து பார்த்தேன். பட்டன்! போலோ டி-ஷர்ட்டுக்குத் தைக்கிற வெள்ளை பட்டன். அவன் அப்பா ஜிப், பட்டன், எலாஸ்டிக் விற்கும் கடை வைத்திருக்கிறார். கடையிலிருந்து ஒரு கை அள்ளிப் புட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். திருப்பூர்க்காரனைத் தவிர உலகத்தில் எவனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. “வெள்ளையாத்தான இருக்குது, யாருக்குத் தெரியப் போகுது?” என்று அவன் வேறு வாதாடினான். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் மெடிக்கலில் போய் நிஜ மாத்திரையே வாங்கி வரலாம் என்று பேச்சு வந்தது. “என்ன மாத்திரைன்னு கேக்கறது? பைத்தியத்துக்கு என்ன குடுப்பாங்க?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

எனக்குச் சட்டென்று கோபம் தலைக்கேறியது. அந்த மாத்திரை எப்படி இருக்கும் என்றுகூட இவர்களுக்குத் தெரியாது. ஆனால் அதைச் சாப்பிடுகிறவள் கொலைகாரி என்று மட்டும் முடிவு செய்து, வசனம் எழுதி, லைட் போட்டு, கேமராவும் வைத்துவிட்டார்கள். அந்தக் கொலைகாரியாக நிற்பது நான்! அம்மாவின் கட்டளை ஞாபகத்துக்கு வரத்தான் செய்தது. வந்ததை ஓரமாக நிறுத்திவிட்டுக் கைப்பையைத் திறந்தேன். அட்டையை எடுத்து மிஷின் மேஜையில் வைத்தேன்.

“இதுதான். புட்டியில வராது, அட்டையிலதான் வரும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. போட மறந்துட்டியான்னு கேட்டீல்ல? மறக்கல. நேத்தும் போட்டேன்.”

தோழன் என்னைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், தரையில் கிடந்த பட்டன்களைப் பொறுக்க ஆரம்பித்தான். அதற்கு அவசியமே இல்லை.

“உன்றதா புள்ள?” என்றாள் இயக்குநர்.

“ஆமா, என்றதுதான்.”

இனி இவள் என்னைத் தள்ளிவைக்கப் போகிறாள், நாளைக்கு வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும், அம்மாவின் காதுக்கும் போய்விடும் என்று என்னென்னவோ ஓடியது. அவள் கேமராவை அணைத்தாள். வெட்டி வைத்திருந்த துணி பண்டில் ஒன்றை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“எனக்கு ஒண்ணுமே தெரியாதுடி. அது எப்படித்தான் இருக்கும்? சொல்லேன்.”

அதுவரை டாக்டரைத் தவிர யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சொன்னேன். “தலையை விரிச்சுப் போட்டுச் சிரிக்க மாட்டோம். தலையைச் சீவ முடியாது. அவ்வளவுதான். கையில சீப்பை எடுத்தா எடுத்தபடியே நிப்பேன். தலை வரைக்கும் தூக்க வராது. ஒரு சீப்பைத் தூக்க முடியலையேன்னு அழுகை வரும். அழவும் முடியாது.”

அவள் கதை எழுதிய காகிதங்களை எடுத்துப் புரட்டினாள். பிறகு, “இதை விடப் பயமான சீன் நம்ம கதையில ஒண்ணுகூட இல்ல புள்ள” என்றாள்.

அதற்கு மேல் அன்றைக்கு ஷூட்டிங் நடக்கவில்லை. மத்தியானம் பரோட்டா வாங்கி வந்து வைத்துக்கொண்டு கதையைப் பிரித்துப் போட்டோம். தாக்குவது யார் என்று பேச்சு வந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அந்தப் பெண் கொலைகாரி அல்ல, சாட்சி. செய்கிறவன் சூப்பர்வைசர். அவள் ஒவ்வொரு முறை சொல்ல வரும்போதும் அவன் ஒரே வரியில் அவள் வாயை அடைத்துவிடுகிறான். அந்த வரியை யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தோழனைத் திரும்பிப் பார்த்தோம். அவனுக்கும் புரிந்துவிட்டது. “எங்கம்மா இந்தப் படத்தைப் பாத்துச்சுன்னா என்னய ஊட்டுக்குள்ளயே விடாது” என்று தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் வசனத்தைச் சொல்ல மறுக்கவில்லை. தனியாக வந்து மன்னிப்பும் கேட்டான்.

படம் தயாரானது. கல்லூரி அரங்கில் திரையிடும் நாளுக்கு அம்மா வேறு தன்னோடு வேலை பார்க்கும் பெண்களை ஒரு மினி பஸ் அளவுக்குத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். மகள் கதாநாயகி என்ற பெருமை. கதை என்னவென்று நான் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டார் என்ற பயம். விளக்குகள் அணைந்ததும் நான் சுவர் ஓரமாக நின்றுகொண்டேன். திரையைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தேன்.

சீப்பு காட்சி வந்தது. திரையில் நான் சீப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இசை இல்லை, ஒன்றும் இல்லை. பையன்கள் விசிலடிப்பார்கள், கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். அரங்கம் மூச்சு விடவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அந்த நாட்களில் எனக்குத் தலை சீவிவிட்டது அவர்தான்.

பிறகு சூப்பர்வைசர் முதலாளியிடம் குழைந்து சொன்னான்: “அது மாத்திரை சாப்பிடற புள்ளைங்க மொதலாளி. மாத்திரை போட மறந்திருக்கும். அது பேச்சையெல்லாம் காதுல போட்டுக்காதீங்க.” அம்மாவின் வரிசையிலிருந்து ஒரு குரல் வெடித்தது: “அட நாசமாப் போறவனே!” அரங்கமே அதிர்ந்தது. கடைசியில் அந்தப் பெண் எல்லோர் முன்பும் நின்று அவனைக் காட்டிக்கொடுத்தபோது எழுந்த கைதட்டல் இருக்கிறதே, அதை இன்னும் என் காதிலிருந்து எடுக்க முடியவில்லை.

முதல் பரிசு ஒரு பேய்ப் படத்துக்குப் போனது. எங்களுக்கு இரண்டாம் பரிசு. போகட்டும், பேயோடு யார் சண்டை போடுவது?

வெளியே வந்தால் கம்பெனிப் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஒரு அக்கா என் கன்னத்தைத் தொட்டுவிட்டு அம்மாவிடம் கேட்டார்: “அப்படியே நெசமாட்டம் இருந்துச்சுங்க. இந்த நடிப்பெல்லாம் உங்க புள்ள எங்கீங்க கத்துக்கிச்சு?”

அம்மா ஏதாவது சொல்லி மழுப்புவார், மழுப்பட்டும், அவர் மேல் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டே தலையைக் குனிந்தேன். அம்மா என் தோளில் கை வைத்தார்.

“நடிப்பு இல்லம்மா. எம்மவளுக்கு அந்தச் சீக்கு வந்துச்சு. இப்பவும் மாத்திரை சாப்பிடுதா. படமும் எடுக்கா.”

யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கேட்ட அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, பேருந்து வரும் வரை விடவேயில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து யார் யார் எந்த இடத்தில் கைதட்டினார்கள் என்று எனக்கே கதை சொல்லிக்கொண்டு வந்தார்.

எங்களைப் போன்ற பெண்களைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம் என்று ஊருக்குச் சொல்லத்தான் அந்தப் படத்தை எடுத்தோம். அதை முதலில் நம்பியது என் அம்மா, அவரைப் பார்த்து நம்பியது நான் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிமிர்ந்துகொள்கிறது.