முன்னால் ஓடிய ஜீப்

அறுபதுகளில் நான் மரலாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்த ஒரு காலையில், மரத்தடி ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் செங்கோட்டை நோக்கி இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போய்விட்டது. கியரைக் குறைத்தும் வேகம் அடங்கவில்லை. கீழே புளியரையில் சாலை நெடுக ஆட்கள் நடமாடும் நேரம்.

ஒரு வளைவில் ரோந்துப் போலீஸ் ஜீப் நின்றது. டிரைவரும் ஏட்டையா ஒருவரும் இருந்தார்கள். அதுவரை போலீஸ் என்றால் லைசென்ஸ் கேட்டு மறிப்பவர்கள் என்றுதான் எனக்கு நினைப்பு.

"பிரேக் இல்ல ஏட்டையா, ஒதுங்குங்க" என்று கத்தினேன்.

ஜீப் ஒதுங்கவில்லை. எனக்கு முன்னால் பாய்ந்து ஓடத் தொடங்கியது. ஏட்டையா அதில் எழுந்து நின்று, கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்தபடி விடாமல் விசில் ஊதினார். மாட்டுவண்டிகள் ஓரம் கட்டின. புல்லுக்கட்டு சுமந்து வந்த பெண்கள் கட்டைப் போட்டுவிட்டு வயலில் இறங்கினார்கள். என் லாரி ஜீப்பை இடித்துவிடும் நெருக்கத்தில் போய்க்கொண்டிருந்தது.

சமதளம் வந்ததும் வேகம் குறைந்து, லாரி வயல் சேற்றில் இறங்கி நின்றது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

ஏட்டையா ஓடி வந்தார். "அடி பட்டுச்சாவே?"

"இல்ல. ஒதுங்கத்தானே சொன்னேன்? இடிச்சிருந்தா நீங்க ரெண்டு பேரும் போயிருப்பியளே."

"நாங்க ஒதுங்கினா முன்னால போறவனுக்கு ஆருவே சொல்லுவா?"

பீடி பற்றவைக்க முயன்ற அவர் கை நடுங்கியது. நான்தான் தீக்குச்சி கிழித்துக் கொடுத்தேன். அவ்வளவு பயத்தோடுதான் அவர் என் முன்னால் போயிருக்கிறார். அதை நினைத்தால் இன்றும் மெய் சிலிர்க்கிறது.