ஹவுராவில் எண்பத்தொன்பது, சாந்த்ராகாச்சியில் எண்பத்தைந்து

நடந்தது இதுதான், வரிசையாக:

1. சரக்கு ரயிலில் கார்டாக இருந்த அப்பாவுக்கு, ரயில்வே மருத்துவப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் அதிகம் என்று வந்தது. எடையும் அதிகம். அடுத்த பரிசோதனைக்குள் இரண்டும் குறையாவிட்டால் ரயிலிலிருந்து இறக்கி மேஜை வேலையில் போட்டுவிடுவார்கள்.
2. அப்பா கவலைப்பட்டார். கவலையில் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டார்.
3. உடன் வேலை பார்த்த இன்னொரு கார்டு, இணையத்தில் பார்த்த ஒரு பக்கத்தை அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். முப்பதே நாளில் பன்னிரண்டு கிலோ குறையும். உடற்பயிற்சி வேண்டாம்.
4. தபாலில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே பச்சைப் பவுடர் டப்பாக்கள்.
5. முதல் வாரத்திலேயே அப்பா நான்கு கிலோ குறைந்தார்.
6. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.
7. யார்டில் பிரேக் வேன் படியில் ஏறும்போது அப்பாவுக்குத் தலை சுற்றியது.
8. நான் அந்த நான்கு கிலோவைத் தேடிப் போனேன்.

அப்பாவுக்கு மேஜைகளோடு விரோதம் கிடையாது. மேஜைக்கு எதிரே உட்காரும் மனிதர்களோடுதான். சரக்கு வண்டியின் கடைசியில் இருக்கும் பிரேக் வேனில் அவர் தனி ராஜா. கொடி, விளக்கு, விசில், முன்னால் நீளமாகப் பெட்டிகள், பேச்சுக்கு ஆள் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், வங்காளம், ஒரிசா, பீகார் எல்லாவற்றையும் அந்தக் கடைசிப் பெட்டியில் நின்று பின்பக்கமாகவே பார்த்திருந்தார். “எல்லாரும் ஊரு வருதத பாப்பாவ. நான் ஊரு போறத பாக்கேன்” என்பார். மேஜையில் போட்டால் தாங்க மாட்டேன் என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் பரிசோதனை முடிந்து வந்த அன்று சீருடையைக் கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்தார். அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்போது 2000-களின் நடுப்பகுதி. நாங்கள் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் பொறியியல் முடித்துவிட்டு சால்ட் லேக்கில் ஒரு கம்பெனியில் டெஸ்டராகச் சேர்ந்திருந்தேன். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பது வேலை. வயது என்ன என்று ஒரு கட்டம் கேட்டால் மைனஸ் நாற்பது என்று நிரப்புவேன். பெயர் கேட்டால் வெறும் ஆச்சரியக்குறி போடுவேன். நல்ல மென்பொருள் கோபித்துக்கொள்ளும். மோசமான மென்பொருள் நன்றி சொல்லும்.

அந்தப் பக்கத்தை நான் பார்த்தபோது பார்சல் வந்து பிரித்தாகிவிட்டது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் போட்ட ஒரு வெள்ளைக்கார டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே குண்டாக ஒருவர், பக்கத்தில் ஒல்லியாக ஒருவர். இருவரும் ஒரே ஆள் என்று எழுதியிருந்தது. ஒல்லியானவருக்குக் காது ஒட்டியிருந்தது, குண்டானவருக்குக் காது விரிந்திருந்தது. எடை குறைந்தால் காதும் சுருங்கும் போல.

விதிகள் எளிமையானவை. காலையிலும் மத்தியானத்திலும் வெந்நீரில் பவுடர், வேறொன்றும் கிடையாது. ராத்திரி தாங்கவே முடியாவிட்டால் ஏதாவது கொஞ்சம். சோறு மட்டும் கூடவே கூடாது. அச்சிட்டுக் கொடுத்த நண்பர் அப்பாவைவிடக் கனமானவர். அப்பாவுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு ஆரம்பிப்பதாக இருந்தார்.

பகல் முழுக்க அப்பா விதிப்படி நடந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அம்மா இட்லி வைத்தாள்.

“அம்மா, சோறு கூடாதுன்னு போட்டிருக்கே?”

“ஏட்டி, இட்லி சோறா?” என்றாள் அம்மா.

“ரெண்டும் அரிசிதானே?”

“சட்டியும் மண்ணுதான், செங்கல்லும் மண்ணுதான். செங்கல்லுல கொழம்பு வப்பியா நீ?”

அப்பா ஏழாவது இட்லியை எடுத்துக்கொண்டு, “அவ சொல்லுதது சரிதான்” என்றார்.

அடுத்த வீட்டு வங்காளி அம்மாளை நான் காக்கிமா, அதாவது சித்தி, என்பேன்; அவர் அப்பாவை தாதா (அண்ணன்) என்றும் அம்மாவை திதி (அக்கா) என்றும் கூப்பிடுவார். அப்பா பட்டினி கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு பெரிய கிண்ணம் நிறைய முரி கொண்டுவந்தார். நம் பொரிதான், கடுகெண்ணெயும் பச்சைமிளகாயும் போட்டுப் பிசறியது. நான் அவரிடமும் வங்காளத்தில் கேட்டுப் பார்த்தேன்: காக்கிமா, இது அரிசி இல்லையா?

“ஓ மா! முரி எப்படி சோறு ஆகும்? முரி வெறும் காற்று. நீங்கள் சாப்பிடுங்கள், தாதா.”

இட்லி சோறு இல்லை என்பதைக் காக்கிமாவும், முரி சோறு இல்லை என்பதை அம்மாவும் உடனே ஒப்புக்கொண்டார்கள். இரண்டு மாநிலங்கள் இவ்வளவு சுலபமாக உடன்பட்டு நான் பார்த்ததில்லை.

தலை சுற்றிய செய்தியையும் காக்கிமாதான் கொண்டுவந்தார். அவர் கணவருக்கு யார்டில் வேலை. “திதி, தாதா பிரேக் வேன் படியில் ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாராம். சினிமாக் கதாநாயகி தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாளே, அந்த மாதிரி.”

அப்பா வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்.

“காத்து வாங்கிக்கிட்டு நின்னேன்” என்றார் அப்பா.

“கம்பியக் கட்டிப்பிடிச்சா காத்து வாங்குவாவ?”

“நாலு கிலோ கொறஞ்சிருக்குல்லா? அம்புட்டு கொறஞ்சா ஒடம்பு கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதுக்காவ பாதியில நிறுத்த முடியுமா?” என்று என் பக்கம் திரும்பினார். “ஏளா, அந்த நாலு கிலோ பொய்யா? சொல்லு.”

அதுதான் சிக்கல். பவுடரைப் பற்றி நான் என்ன சொன்னாலும் அந்த நான்கு கிலோ குறுக்கே வந்து நின்றது.

முதலில் பக்கத்தையே சோதித்தேன். பெயர், எடை, உயரம் கொடுத்தால் டாக்டரே பதில் எழுதுவார் என்று போட்டிருந்தது. காக்கிமா வீட்டுப் பூனையின் விவரங்களைக் கொடுத்தேன். பெயர்: பூனை. எடை: நான்கு கிலோ. உயரம்: ஒரு அடி. அடுத்த நிமிடமே பதில் வந்தது. ‘அன்புள்ள பூனை அவர்களே, உங்கள் எடை ஆபத்தான நிலையில் இருக்கிறது. கவலை வேண்டாம். முப்பது நாளில் பன்னிரண்டு கிலோ குறைப்பது எங்கள் பொறுப்பு.’ அதன்படி மாதக் கடைசியில் பூனையின் எடை மைனஸ் எட்டாக இருக்க வேண்டும்.

அச்சிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார்.

“பூனைன்னு சொல்லாம ஏமாத்தினா டாக்டர் என்ன செய்வாரு?”

“பேரே பூனைன்னுதான் கொடுத்தேன்.”

“இந்த ஊர்ல அப்படியும் கூப்பிடுத பேரு உண்டு” என்றார்.

அதை மறுக்க முடியவில்லை. எங்கள் தெருவிலேயே ‘பந்து’ என்று பொருள்படும் பெயரில் ஒரு தலைமை குமாஸ்தா இருந்தார்.

ஆகவே நான்கு கிலோவுக்குத் திரும்பினேன். எங்கே எடை பார்த்தீர்கள் என்று அதுவரை யாரும் அப்பாவைக் கேட்டிருக்கவில்லை. நான் கேட்டேன். பவுடர் தொடங்கும் முன் ஹவுரா பிளாட்பாரத்தில், காசு போட்டால் வண்ண விளக்குகள் சுழன்று அட்டை துப்பும் இயந்திரத்தில் பார்த்திருந்தார். எண்பத்தொன்பது. அட்டையின் பின்புறம், ‘உங்கள் நற்குணம் பலரையும் கவரும்.’ ஒரு வாரம் கழித்து சாந்த்ராகாச்சி பார்சல் ஆபீஸில், மீன் கூடையும் வெற்றிலைக் கட்டும் நிறுக்கும் மேடைத் தராசில் ஏறி நின்றிருக்கிறார். எண்பத்தைந்து.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, “ஞாயித்துக்கிழமை ஹவுரா போயிட்டு வருவோமாப்பா?” என்றேன்.

ஹவுராவில் இருவரும் ஏறினோம். எனக்கு ஐம்பத்தாறு. அப்பாவுக்கு எண்பத்தொன்பது. அவர் அட்டையைத் திருப்பி நற்குணம் இருக்கிறதா என்று பார்த்தார். இந்த முறை வெளிநாட்டுப் பயணம் வந்திருந்தது.

“நேத்து கொஞ்சம் கூட சாப்பிட்டேன்” என்றார்.

“சரி, வாங்க.”

லோக்கலில் திரும்பி வந்தோம். வழியில் நான் ஜால்முரி ஒரு பொட்டலம் முழுக்கச் சாப்பிட்டேன். பார்சல் ஆபீஸ் தராசில் நான் ஐம்பத்திரண்டு. அப்பா எண்பத்தைந்து. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஏறினார். ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினார். அங்கிருந்த குமாஸ்தா பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, “தாதா, உங்களை எந்த ஸ்டேஷனுக்கு புக் பண்ணட்டும்?” என்று கேட்டார்.

“நானும் நாலு கிலோ கொறஞ்சிட்டேம்பா” என்றேன். “லோக்கல் ட்ரெயின்ல வந்தே.”

அப்பா ஷூ கயிற்றைக் கட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். “பார்சல் தராசு தப்பா காட்டாது. மெஷின்தான் தப்பு.”

“அப்படின்னா மொதல்லயிருந்தே நீங்க எண்பத்தஞ்சுதான். ஒண்ணும் குறையலை.”

அப்பா எழுந்து நடந்தார். ஸ்டேஷனிலிருந்து குவார்ட்டர்ஸுக்குப் பாதி வழி வந்ததும், முன்னால் பார்த்தபடியே சொன்னார்: “அந்தப் பேப்பர்ல வேற மாத்திர எதுவும் கூடாதுன்னு போட்டிருந்தான். ஆஸ்பத்திரில குடுத்த பிபி மாத்திரய நிறுத்திட்டேன்.”

பூனை, காது, அட்டை எல்லாவற்றையும் வைத்து வீட்டில் சொல்ல ஒரு கதை தயாரித்துக்கொண்டே நடந்துவந்திருந்தேன். அதை அங்கேயே விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அப்பா அசையவில்லை. ரயில்வே ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்கிற டாக்டரம்மாதான் வைத்தியமும் பார்ப்பவர். மருந்தை நிறுத்தினேன், படியில் தலை சுற்றியது என்று அவரிடம் போய்ச் சொல்வதும், என்னை வண்டியிலிருந்து இறக்குங்கள் என்று சொல்வதும் ஒன்று என்பது அப்பாவின் கணக்கு. அதில் தப்பு கண்டுபிடிக்க என்னாலும் முடியவில்லை.

அம்மா அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

“மேஜைல ஒக்காந்தாலும் சாயங்காலம் வீட்டுக்கு வருவீய. ஓடுத வண்டியில இருந்து விழுந்தா யாரு வருவா? சட்டைய மாட்டுங்க.”

அப்பா சட்டையை மாட்டினார்.

டாக்டரம்மா வங்காளி, அதிகம் பேசமாட்டார். அழுத்தம் பார்த்தார். இன்னொரு கையிலும் பார்த்தார். பவுடர் டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடினார். “இதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பாவுக்கும் தெரியாது. மாத்திரையை அன்றே தொடங்கச் சொன்னார். அழுத்தம் இறங்கும்வரை லைனுக்குப் போகக் கூடாது என்று மருத்துவ விடுப்பில் வைத்தார். அப்பா பயந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

“எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?” என்று கேட்டார்.

“வண்டி நிக்கும்போது, மேடம்.”

“எப்போது நிற்கும்?”

“அது கன்ட்ரோலுக்கே தெரியாது.”

டாக்டரம்மா அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

எங்களுக்கு அங்கேதான் பிடி கிடைத்தது. சரக்கு வண்டி மற்ற வண்டிகளுக்கு வழிவிட்டு ஏதோ ஒரு பக்கத் தண்டவாளத்தில் மணிக்கணக்கில் நிற்கும். அப்பா பசியோடு ஓய்வறை போய்ச் சேர்ந்து, மலையளவு சோற்றை முடித்துவிட்டு அப்படியே படுப்பார். பவுடருக்கு முன்னால் பல வருஷமாக நடந்தது இதுதான். விடுப்பிலேயே பழக்கத்தை மாற்ற ஆரம்பித்தோம். அரிசி என்பது சோறு, இட்லி, முரி மூன்றும் சேர்ந்தது என்று வீட்டில் அறிவித்தேன். அம்மா முறைத்தாள். சோறு ஒரு கரண்டி, காய் இரண்டு கரண்டி, பருப்பு, காக்கிமா முறையில் தண்ணியாக வைத்த மீன் குழம்பு. ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் பரணுக்குப் போயின. டாக்டரம்மா உப்பைக் குறைக்கச் சொன்னதை அம்மா தன் சமையல்மேல் விழுந்த பழியாகவே எடுத்துக்கொண்டாள். வண்டியில் போகும்போது நடுநடுவே சாப்பிட, சுண்டலும் வெள்ளரிக்காயும் கொய்யாவும் தனி டப்பாவில் போவது என்று முடிவாயிற்று.

காலையில் குவார்ட்டர்ஸ் பக்கத்து ஏரிக்கரையில் நடை. குளிர்காலம், தூரதேசத்து வாத்துகள் வந்து இறங்கியிருந்தன. பைனாகுலரோடு கொல்கத்தாவிலிருந்து வந்தவர்கள் மூச்சுவிடாமல் நிற்பார்கள். அப்பா அவர்கள் நடுவே விசிலடிக்காத குறையாகப் போவார். யாரையும் முந்தமாட்டார், முன்னால் போகிறவர் நின்றால் தானும் நிற்பார். சரக்கு வண்டிப் பழக்கம். “இப்படி நின்னு நின்னு போனா எப்படிப்பா குறையும்?” என்றால், “சிக்னல் விழணும்லா?” என்பார். தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு, கடைசிப் பெட்டி கடந்து போகும்வரை காது கொடுத்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் நான் அவரைக் கேலி செய்வதில்லை.

பவுடர் கொடுத்த நண்பர் ஒருநாள் வந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து, மிச்ச டப்பாக்களைத் தான் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அப்பா கொடுக்கவில்லை. அவரை மறுநாள் காலை ஏரிக்கரைக்கு வரச் சொன்னார். வந்தார். வாத்துகளைப் பார்க்கிற சாக்கில் வழியில் இரண்டு இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அதுவும் ஒரு தொடக்கம் என்றார் அப்பா.

அழுத்தம் இறங்க அந்தப் பக்கம் சொன்ன முப்பது நாளைவிட அதிகம் ஆயிற்று. எடை பன்னிரண்டு குறையவில்லை. மறு பரிசோதனைக்குள், அதே பார்சல் ஆபீஸ் தராசில், ஐந்து குறைந்திருந்தது. டாக்டரம்மா இரண்டு கைகளிலும் பார்த்தார். பிறகு, லைன் டியூட்டிக்குத் தகுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அப்பா வெளியே வந்து தாளை அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

அப்பா ஓய்வு பெறும்வரை சரக்கு வண்டியில்தான் இருந்தார். காலையில் மாத்திரை ஒன்று போடுகிறார், நடக்கிறார். போன மாதம் அவர் எடை எழுபத்தொன்பது.