இது யார் வழி?

இன்று விளாங்குடியில் ஒரு லேபில் என் மகளும் அவள் கட்டிக்கொள்ளப் போகிற பையனும் ரத்தம் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் தலசீமியா என்கிற பரம்பரை ரத்தக் குறைக்கான பரிசோதனை. யாரும் சொல்லாமலே வந்தார்கள்.

எனக்குத்தான் பழைய குழப்பம் திரும்பிவிட்டது.

எண்பத்தாறில் எங்கள் மூத்த பையனுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தோம். "அடுத்த பிள்ளைக்கு முன்னாடி அப்பா, அம்மா ரெண்டு பேரும் டெஸ்ட் எடுங்க" என்றார் டாக்டர்.

என் கணவர் என் அம்மாவின் தம்பி. அவர் சிரித்தார்.

"சார், இவ எங்க அக்கா மக. ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தான். இவளுக்கு மட்டும் பாருங்க, போதும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கையை நீட்டினேன்.

என் ரத்தத்தில் குறை இருப்பதாக ரிசல்ட் வந்தது. திருமங்கலம் பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "அது உங்கப்பா வழியில வந்துருக்கும்."

"ஏன் மாமா, அன்னைக்கு ஒரே ரத்தம்னு சொன்னீக?"

அவர் கண்டக்டரைக் கூப்பிட்டு மீதிச் சில்லறை கேட்டார்.

"ரெண்டு பேர்கிட்டயும் இருந்தாத்தான் பிள்ளைக்கு இம்புட்டுக் கஷ்டம் வரும்" என்று டாக்டர் அவரையும் விடாமல் டெஸ்ட் எடுக்க வைத்தார். அவருக்கும் அதேதான்.

பையன் பன்னிரண்டு வயதுவரைதான் இருந்தான்.

இன்று லேபில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரிடம் கேட்டேன்: "மாமா, உங்களுக்கு வந்தது யார் வழி?"

மனிதர் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

உங்கள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.