முத்திரைப் பெட்டியும் மூன்றாம் ஓலையும்

தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஞானபாய் நகலகம் நடத்தத் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் நிறைந்துவிட்டன. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தட்டச்சையும் மிஷினைக் கழற்றி மாட்டும் வித்தையையும் தாமே பார்த்துக் கற்றுக்கொண்டவர். உப்புக்காற்று இரும்பைத் தின்று ஏப்பம் விடும் ஊரில் அவருடைய ஜெராக்ஸ் மிஷின் பதினோராம் ஆண்டாக ஓடியதென்றால், அது அந்தக் கைகளின் புண்ணியம். ஆனால் வக்கீல் குமாஸ்தாக்கள் நான்கு கடைகளைத் தாண்டி அவரிடம் வந்ததற்குக் காரணம் வேறு. அவர் எந்தத் தாளையும் படிப்பதில்லை. உயிலானாலும் விவாகரத்து மனுவானாலும் தாளைக் கண்ணாடியில் கவிழ்த்ததும் அவர் கண்கள் சுவர்க் காலண்டருக்குப் போய்விடும். "மிஷின் படிக்கும், நான் படிக்க மாட்டேன்" என்பதே கடையின் சட்டம்.

தாள்களைப் படிக்காத அந்தக் கண்கள் வேறொன்றை விழுந்து விழுந்து பார்த்தன. மதியம் இரண்டு மணிக்குக் கடையில் ஈயாடும் நேரத்தில், பக்கத்துத் தையற்கடை ஷெர்லின் தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். இருவரும் ஒரே கைபேசியில், தமிழில் குரல் கொடுக்கப்பட்ட கொரிய அரண்மனைத் தொடர் ஒன்றைப் பார்ப்பார்கள். காதலுக்கோ விசுவாசத்துக்கோ தலையைப் பணயம் வைக்காத ஆள் அந்த அரண்மனையில் ஒருவரும் இல்லை. ஷெர்லின் அழுவாள். ஞானபாய் அழமாட்டார், நோட்டில் எழுதுவார். யார், யாருக்காக, என்ன துணிந்தார், அது தேவைதானா என்று நான்கு கட்டம்.

"தளபதி காதலிக்காக அம்பைத் தோளில் வாங்கினான். கதவைச் சாத்தியிருந்தாலே போதும். தேவையில்லை."

"சமையற்காரி இளவரசனுக்கு வந்த நஞ்சுக் கஞ்சியைத் தானே குடித்தாள். கொட்டியிருக்கலாம்; கொட்டினால் நஞ்சென்று யாரும் நம்பமாட்டார்கள். தேவை."

அந்தத் தொடரைக் கைபேசியில் இறக்கிக் கொடுத்தவள் ஜெப்ஸி, இருபத்தாறு வயது நர்ஸ், தகப்பனை இழந்தவள், ஞானபாயின் திருச்சபையைச் சேர்ந்தவள், அவரை அத்தை என்று அழைப்பவள். நான்கு ஆண்டுகளுக்கு முன் சான்றிதழ் நகலெடுக்க அவள் வரிசையில் நின்றபோது, முன்னால் கப்பல் வேலைக்கான தாள்களோடு நின்றவன் செல்வின். மிஷின் சூடேறி நின்றுபோனது. அது ஆறுவதற்குள் அவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். அதனால் அந்தக் காதலுக்குத் தாமே பொறுப்பு என்று ஞானபாய் கருதினார். இப்போது இரு வீட்டாரும் சம்மதித்து, மே மாதம் இருபத்து நான்காம் தேதி புதன்கிழமை கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு செல்வின் கப்பலேற வேண்டும். ஏறினால் திரும்ப ஒன்பது மாதம்.

மீதமிருந்தது மூன்றாம் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கிறிஸ்தவக் கோயிலில் மணமக்களின் பெயரெழுதிய ஓலையைச் சபைக் குருவான ஐயர் வாசித்து, தடையுண்டா என்று கேட்பார். அப்போது எழுந்து நிற்பவர் தடை சொல்பவர். எனவே அந்த ஒரு நிமிடம் சபையில் யாரும் அசையமாட்டார்கள். கால் மரத்துப்போனாலும் உட்கார்ந்தே மரத்துப்போக வேண்டும்.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு விஜயராஜ் கடைக்கு வந்தார். இரும்புச் சாமான் வியாபாரி, ஜெப்ஸியின் தாய்மாமன்.

"ஞானம், இது ரெண்டு காப்பி. படிச்சிராத."

"என்னைக்குப் படிச்சிருக்கேன் அண்ணாச்சி?"

காலண்டரைப் பார்த்தபடியே பொத்தானை அழுத்தினார். இரண்டாம் நகல் உள்ளே சிக்கிக்கொண்டது. மிஷினைத் திறந்து, கசங்கிய தாளைக் கிழியாமல் உருவி நீவியபோது, காலண்டரைப் பார்த்துக்கொண்டே அதைச் செய்ய இயலவில்லை. "ஜெப்ஸி" என்ற பெயர் கண்ணில் பட்டது. பட்டபின் கண் நிற்கவில்லை. பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி திங்கட்கிழமை முற்பகல் பதினொரு மணிக்குத் தம் வீட்டில் ஜெப்ஸிக்கும் தம் மகன் டிக்சனுக்கும் நிச்சயம் நடந்ததென்றும், ஆகவே இந்த விவாகத்துக்குத் தாம் தடை சொல்வதாகவும் சேகரத்து, அதாவது திருச்சபை வட்டாரத்து, ஐயருக்கு எழுதப்பட்ட மனு அது.

விஜயராஜ் போனபிறகு ஞானபாய் மிஷினை மூடிவிட்டுக் கணக்குப் போட்டார். அந்த நிச்சயம் நடக்கவே இல்லை. ஆனாலும் மனு வந்தால் ஐயர் விசாரிக்க வேண்டும். விசாரணைக்கு இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் கப்பல் போய்விடும். சொன்னால் பத்தொன்பது ஆண்டுச் சட்டம் போகும், அதோடு குமாஸ்தாக்களும் போவார்கள். சொல்லாவிட்டால் ஜெப்ஸியின் கல்யாணம் போகும்.

அன்று மதியம் பார்த்த பகுதியோ, வேண்டுமென்றே வைத்தாற்போல் அமைந்தது. அரசனின் முத்திரைப் பெட்டியைக் காக்கும் பணிப்பெண் மியோங்ஹ்வா, இளவரசியை நாடுகடத்தும் ஆணை உள்ளே இருப்பதைப் பார்த்துவிடுகிறாள். வெளியே சொன்னால் கசையடி. அந்த இடத்தில் பகுதி முடிந்தது.

"ஏளா ஷெர்லின், இவ சொல்லலாமா கூடாதா?"

"சொல்லாம? அந்தப் புள்ளைய வண்டில ஏத்திருவானுவளே!"

"சொன்னா இனிமே பெட்டிய யாரு இவகிட்ட நம்பிக் குடுப்பா?"

"பெட்டி கெடக்கு பெட்டி. ஊருல வேற வேலையா இல்ல?"

"பத்தொம்பது வருசம் காத்த பெட்டிளா."

"பத்தொம்பது வருசமா? அவளுக்கே இருபது வயசு இருக்காதே! நீ எந்தக் கதையச் சொல்லுத?"

ஞானபாய் நோட்டை எடுத்து மியோங்ஹ்வாவின் பெயரை எழுதினார். பேனாவை நான்காம் கட்டத்துக்கு நகர்த்தினார். பிறகு, "தேவை. ஆனால் பெட்டிக்கு உடையவனிடம் முதலில் சொல்ல வேண்டும்" என்று எழுதிவிட்டுக் கடையைப் பூட்டினார்.

விஜயராஜ் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தார். ஞானபாய் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க மனுவப் படிச்சிட்டேன். தப்புதான். ஆனா நாளைக்கு அதக் குடுத்தியன்னா, பொய்யின்னு எந்திரிச்சுச் சொல்லுவேன். ஒங்களுக்குத் தெரியாம சொல்லக் கூடாதுன்னுதான் மொதல்ல இங்க வந்தேன்."

தராசுத் தட்டு கையிலிருந்து நழுவியது. "படிச்சியா? ஏ ஞானம், நீ படிக்குதவன்னு நான் ரோட்டுல ஒரு வார்த்த சொன்னேன்னு வையி, ஒன் கடைக்கு ஒரு காக்கா வராது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்திருக்க? யாரு சொல்லிக் குடுத்தா ஒனக்கு இந்த யோசனைய?"

"மியோங்ஹ்வா."

"அது யாரு? எந்தச் சேகரம்?"

"கொரியா, அண்ணாச்சி."

விஜயராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரல் சற்று இறங்கியது. "மாப்பிள வீட்டுக்காரன் பொண்ணு கேக்க வந்தப்ப, தாய்மாமன் நான் இந்த ஊருக்குள்ளதான இருந்தேன்? ஒரு வார்த்த கேட்டாளா எங்கக்கா? பத்திரிகைய அடிச்சு, தபால்ல அனுப்புதா. தபால்ல!"

"அதச் சொல்லிச் சண்ட போடுங்க. நடக்காத நிச்சயத்த ஏன் நடத்துதிய?"

"நாளைக்குப் பாப்போம், போ."

ஞாயிறு ஆராதனைக்கு ஞானபாய் வழக்கமான இடத்தை விட்டு, நடுப்பாதையோரம் உட்கார்ந்தார். ஆண்கள் பக்கம் விஜயராஜ்; சட்டைப்பையில் நீண்ட உறை. பாடகர் வரிசையில் அவர் மகன் டிக்சன், ஏதும் அறியாதவனாகப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஜெப்ஸி தாயோடு கடைசி வரிசையில் இருந்தாள்.

ஐயர் ஓலையை எடுத்தார். செல்வின், ஜெப்ஸி என்று பெயர்களை வாசித்தார். "இவர்கள் இணைக்கப்படாதிருக்க நியாயமான தடை அறிந்தவர் எவரேனும் உண்டானால் இப்பொழுதே அறிவிக்க வேண்டும். இது மூன்றாம் முறை."

விஜயராஜின் கை பைக்குப் போனது. அவர் பாதி எழுந்தார். பாதி எழுந்ததைக் கண்ட ஞானபாய் முழுதாக எழுந்துவிட்டார். விஜயராஜ் பேசியபின் எழுந்து மறுப்பதே திட்டம், பதற்றத்தில் முந்திக்கொண்டார். ஐயருக்குத் தெரிந்ததோ நடுப்பாதையோரம் நெட்டுக்குத்தாக நிற்கும் ஞானபாய் மட்டும்தான். சபை மூச்சை உள்ளே இழுத்தது. கடைசி வரிசையில் ஜெப்ஸி, "அத்தையா?" என்றது முன்வரிசை வரை கேட்டது.

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். "ஞானபாயம்மா, தடை சொல்லுவது நீங்களா?"

"இல்லைங்கய்யா. எனக்குத் தடையே இல்ல."

"அப்போ ஏன் நிக்கிய?"

"அண்ணாச்சி ஒரு தடை சொல்லப் போறாவ. அந்தத் தடைக்குத்தான் நான் தடை."

பாடகர் வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். ஐயர் ஜெபப்புத்தகத்தை ஒருமுறை பார்த்தார். "தடைக்குத் தடைன்னு ஒரு கிரமம் இதுல இல்லையேம்மா."

நின்றாகிவிட்டது; இனி உட்கார்ந்தால் ஜெப்ஸிக்கு எதிராக எழுந்தவர் என்ற பெயரே மிஞ்சும். ஞானபாய் சபையை நோக்கித் திரும்பினார். சபையில் பாதிப் பேர் அவருடைய வாடிக்கைக்காரர்கள்.

"நகலெடுக்க வந்த ஒரு தாள நான் படிச்சேன். படிக்கக் கூடாது, படிச்சேன். சபைக்கு முன்னால ஒத்துக்கிடுதேன். பிப்ரவரி பதிமூணு, பதினோரு மணிக்கு அண்ணாச்சி வீட்டுல ஒரு நிச்சயம் நடந்ததா அதுல இருக்கு. அன்னைக்கு மாசாந்திரக் கரண்ட் நிறுத்தம். காலைல பத்து மணிக்கு வந்த அண்ணாச்சி ரெண்டு மணி வரைக்கும் எங் கடை முக்காலியிலதான் கரண்டுக்காகக் காத்துக் கெடந்தாவ. கடைப் பதிவேட்டுல நேரத்தோட அவுக கையெழுத்து இருக்கு. பன்னெண்டு மணிக்கு வடை வாங்கிட்டு வந்தது டிக்சன்."

டிக்சன் பாட்டுப் புத்தகத்தை மூடினான். "எப்பா, எனக்கு நிச்சயமா? நான் வடையில்லா வாங்கிட்டு வந்தேன்?"

சபை சிரித்தது. ஐயரும் ஓலைத்தாளால் வாயை மறைத்துக்கொண்டார். விஜயராஜ் மட்டும் எழுந்தும் எழாமலும், முன்பெஞ்சைப் பிடித்தபடி வேர்த்து நின்றார். அந்த நிலையில் அவரை வைத்துச் சிரிக்க ஞானபாய்க்கு மனம் வரவில்லை.

கடைசி வரிசையிலிருந்து ஜெப்ஸி நடந்து வந்தாள். "மாமா, புதன்கிழமை என் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரப் போறது நீங்கதான? இல்லேன்னா நான் யாரு கூட வர?"

விஜயராஜ் முன்பெஞ்சிலிருந்து கையை எடுத்தார். "இத ஒரு மாசத்துக்கு முந்தி வந்து கேட்டா என்னவாம்?"

"தப்புதான் மாமா."

"தபால்ல அனுப்புதாளாம், தபால்ல" என்று தமக்குத் தாமே முணுமுணுத்தபடி அவர் உட்கார்ந்தார். "தடை இல்லைங்கய்யா."

"ஞானபாயம்மா, நீங்களும் உக்காரலாம்" என்றார் ஐயர்.

திங்கட்கிழமை கடை திறந்தபோது செய்தி ஊரை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்திருந்தது. பதினோரு ஆண்டு வாடிக்கைக்காரரான வக்கீல் குமாஸ்தா செந்தூர்வேல் தாள்கட்டோடு வந்து, படிக்குக் கீழேயே நின்றார்.

"இனிமே படிப்பியளாக்கா?"

"படிக்க மாட்டேன்னு இனிமே சத்தியம் பண்ண முடியாது. படிச்சா ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லுவேன்."

செந்தூர்வேல் யோசித்தார். நல்ல மனிதர்; முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனாலும் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நான்காவது கடையை நோக்கிப் போய்விட்டார். அவரைத் தொடர்ந்து அன்று இன்னும் இருவர் போனார்கள்.

நான்கு மணிக்கு விஜயராஜ் வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டே, ஒன்பது பக்க ஒப்பந்தம் ஒன்றை மேசைமீது போட்டார். அவருடைய இரும்புக்கடைக் கட்டடத்துக்காரன் வாடகைக்காகப் புதிதாக எழுதிக்கொண்டு வந்தது.

"எத்தன காப்பி அண்ணாச்சி?"

"காப்பி கெடக்கட்டும்." அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னத்தயோ நைசா சேத்திருக்கான், எனக்கு வெளங்கல. ஊரான் தாளெல்லாம் படிக்குதல்லா? இதையும் படி."

ஞானபாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒன்றாம் பக்கத்தின் முதல் வரியிலிருந்து தொடங்கினார். ஏழாம் பக்கத்தில் நின்றார்.

"இந்த எடத்துல ஒங்கள நல்லா ஏமாத்திருக்கான் அண்ணாச்சி."

"ஏமாத்திருக்கானா? சத்தமாப் படி" என்றார் விஜயராஜ்.