நைனாவின் தெவசமும் சிவப்பு உருளைக்கிழங்கும்

பசி எனக்கு ஆகாது. வயிறு காய்ந்தால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அப்படிப்பட்டவன் செஞ்சியில் ஒருநாள் பகல் இரண்டு மணி வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், ஈர வேட்டியோடு நின்று ஒரு காக்கையைக் கெஞ்சினேன். அறுபதுகளில் நடந்தது. நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. எல்லாம் உருளைக்கிழங்கால் வந்த வினை.

அன்று என் நைனாவின் முதல் தெவசம்; அப்பா போய் ஒரு வருஷம். கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவர். மனிதருக்குச் சிவப்பு உருளைக்கிழங்கு என்றால் உயிர். எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிதாக, மெல்லிய சிவப்புத் தோலோடு இருக்கும். எந்த ஊரில் விளைந்ததோ, அவலூர்பேட்டைச் சந்தைக்கு வரும். பை நிறைய வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். எத்தனை நேரம் வேகவைத்தாலும் அது கரையாது. மெழுகு மாதிரி கெட்டியாக நிற்கும். போண்டாவுக்கு உதவாது. பூரிக்கு மசிக்கப் போனால் மத்துதான் உடையும். நைனாவுக்கு அதில்தான் பெருமை. "தொட்டா ஒடையறது இன்னா கெயங்கு? இதப் பாரு" என்று கடைக்கு வருகிறவர்களிடம் வெந்த கிழங்கைத் தரையில் போட்டுக் காட்டுவார். உடையாமல் உருண்டோடும். ஒருமுறை சாக்கடை வரைக்கும் ஓடியது. வீட்டில் காரக்குழம்பில் அதை முழுசாகப் போட வேண்டும். தோலோடு மிளகாய்த்தூள் புரட்டி வறுக்கவும் வேண்டும். இலையில் மற்றதையெல்லாம் அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்ப்பார்.

தெவசத்துக்கு ஒரு வாரம் முன்பு ஐயர் வந்து காய்கறிப் பட்டியல் சொன்னார். வாழைக்காய், பாகற்காய், அவரைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி.

"இங்கிலீஷ் காய் கூடாது. கோஸ், கேரட், உருளைக்கிழங்குன்னு எதுவும் உள்ளே வரப்படாது."

"அவருக்கு அதுதானே சாமி புடிக்கும்?" என்றாள் அம்மா.

"இருக்கறச்சே பிடிச்சிருக்கலாம். இப்போ சாஸ்திரம்தான்."

அம்மா பதில் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஐயருக்குத் தெரியாது. அவர் போன பிறகு அடுப்படியில் என்னிடம் சொன்னாள்: "வருசம் பூரா அந்த மனுசன் ஒண்ணும் துண்ணல. ஒரே ஒரு நாளு வராரு. வாயக்காயப் போட்டு அனுப்பறதா?" சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

சர்க்கரைவள்ளிக்கும் தோல் சிவப்புதான். அது போதும் அம்மாவுக்கு. சிவப்பு உருளைக்கிழங்கையே வாங்கித் தோலோடு வேகவைத்து, ஐயருக்குச் சந்தேகம் வராதபடி வெல்லப்பாகில் புரட்டினாள். ஐயர் எங்கள் வீட்டில் சாப்பிட மாட்டார். அரிசியும் பச்சைக் காயும் வாங்கிக்கொண்டு போவார். அதைக் கொடுக்கும் தட்டிலும் நாலு சிவப்பு உருளையை வேகவைக்காமல் வைத்துவிட்டாள். நெஞ்சழுத்தம் என்றால் அதுதான். ஐயர் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"சர்க்கரைவள்ளி குண்டா இருக்கே?"

"இந்த வருசம் நல்ல மழை சாமி."

பையில் போட்டுக்கொண்டார்.

பிண்டம் வைத்து, சடங்கெல்லாம் முடிந்து, படையல் இலையைக் கொல்லைச் சுவரில் வைத்தோம். கோட்டைப் பக்கமிருந்து ஒரு காக்கை வந்தது. நேரே கிழங்கைக் கவ்வியது. உடனே கீழே போட்டது. அலகைச் சுவரில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு வேப்பமரத்தில் போய் உட்கார்ந்தது. வடையைத் தொடாத காக்கையை நான் அன்றுதான் பார்த்தேன்.

காக்கை சாப்பிடாமல் நாங்கள் யாரும் சாப்பிட முடியாது. "அவருக்கு ஏதோ குறை இருக்கு. மனசுல இருக்கறத வாயைத் தொறந்து சொல்லுங்கோ" என்றார் ஐயர்.

சித்தப்பா முன்னால் வந்து மரத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "அண்ணே, ஒஞ் சைக்கிளு என்னாண்டதான் இருக்குது. நாளைக்கே கொண்டாந்து உட்டுர்றேன்."

காக்கை தலையைச் சாய்த்துக் கேட்டது. வரவில்லை. அந்தச் சைக்கிளை ஆறு மாதமாக ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்த நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு என் முறை. "நைனா, கடைய நான் பாத்துக்கறேன்." அசையவில்லை. "கல்யாணமும் பண்ணிக்கறேன்." அதற்கும் அசையவில்லை. அந்த வாயால்தான் கெட்டேன். தை பிறந்ததுமே எனக்குப் பெண் பார்த்துவிட்டார்கள். இன்னும் அரை மணி போயிருந்தால் பசியில் என்னென்ன ஒப்புக்கொண்டிருப்பேனோ.

அம்மா மட்டும் காக்கையைப் பார்க்கவில்லை. அது கீழே போட்ட கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெல்லம்" என்றாள் மெதுவாக. "கெயங்குல வெல்லம் போட்டா அவரு தொடுவாரா? தட்டத் தூக்கி வீசுவாரே."

யாரையும் கேட்கவில்லை. பாத்திரத்தோடு கிணற்றடிக்குப் போய், ஒரு வாளி தண்ணீர் இறைத்து, பாகு போக ஒவ்வொரு கிழங்காகக் கழுவினாள். வேறு உருளை என்றால் அந்த வாளியிலேயே கூழாகியிருக்கும். இவை அசைந்து கொடுக்கவில்லை. பிறகு வாணலியை அடுப்பில் வைத்து, எண்ணெய் ஊற்றி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்தாள். நெடியில் ஐயர் தும்மினார். உருளைக்கிழங்கு வறுவலின் வாசனை தெருக்கோடி வரை போயிருக்கும். அதை இனி யாராலும் மறைக்க முடியாது.

இலையில் வைத்து அம்மா நகரக்கூட இல்லை, காக்கை வந்துவிட்டது. ஒன்றைக் காலால் அமுக்கிக் கொத்தித் தின்றது. இரண்டாவதையும் தின்றது. வடை, பாயசம், சேனை எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். கேட்டவர்களிடம் மிளகாய் நெடி என்றேன்.

ஐயர் தன் பைக்குள் கையை விட்டு ஒரு கிழங்கை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். இலையைப் பார்த்தார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பித்ரு திருப்தியாயிட்டார்" என்று கிழங்கை மறுபடி பையில் போட்டார். "சர்க்கரைவள்ளிதான். சந்தேகமே இல்லை."

வாசல் வரை போனவர் திரும்பினார்.

"ஆத்துலயும் வெல்லம் போட வேண்டாம்னு சொல்லிடறேன்."